போன மின்சாரம் திரும்பும் வழி

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போகும்போது தாமிரபரணிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். இருட்டிய பிறகு அந்தப் பாலத்தில் ஒரு பழைய சரக்கு வண்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். முன்னே போகிறவர் பிரேக்கை மிதிக்கிறார். வலப்பக்கச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. இடப்பக்கத்தில் நடப்பது நேர்மாறு. அதுவரை ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு, பிரேக்கை மிதித்ததும் மங்கிப் போகிறது. பக்கத்திலிருக்கும் இண்டிகேட்டர் கண்ணாடிக்குள் இதற்குமுன் இல்லாத ஒரு செம்மஞ்சள் மினுக்கம். காலை எடுத்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

வண்டிக்காரர் பல்பை மாற்றுவார், சரியாகாது. பிரேக் சுவிட்சை மாற்றுவார், அப்போதும் சரியாகாது. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் கடையில் நிறுத்தினால், அவர் வண்டியைச் சுற்றிக்கூட வராமல் சொல்லிவிடுவார்: “பின்னால எர்த் விட்டுருக்கு அண்ணாச்சி.” ஒரு திருகைக் கழற்றி, அடியிலுள்ள துருவைச் சுரண்டி, மறுபடி முடுக்குவார். வேலை அவ்வளவுதான். சுவிட்ச், பல்பு, வயர் எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒரு திருகின் அடித்துரு எப்படி பிரேக் விளக்கை இண்டிகேட்டராக மாற்றியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வண்டி மின்சாரத்தின் பாதிப் பாடம் வந்துவிடும்.

மின்சாரம் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு எங்கோ போய்த் தீர்ந்துவிடுகிற பொருள் இல்லை. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் கிளம்புகிறதோ, அவ்வளவும் மறுமுனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழியும் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பி தேவை. ஆனால் வண்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிதான் நீளமாக ஓடுகிறது. திரும்பும் வேலையை வண்டியின் இரும்பு உடம்பே செய்கிறது. பேட்டரியின் மைனஸ் முனையை ஒரு தடித்த கேபிளால் சேசிஸில் பூட்டியிருப்பார்கள். விளக்கோ ஹாரனோ தன் மைனஸைப் பக்கத்திலிருக்கும் தகட்டில் சேர்த்துவிட்டால் போதும். உடம்பு வழியாகத் திரும்பும் இந்த வழியைத்தான் எர்த் என்கிறோம்.

இந்தச் சிக்கனம் மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டாம், நிலமே போதும் என்று ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் 1838-இல் காட்டினார். அடுத்த ஆண்டு கல்கத்தா அருகே வில்லியம் புரூக் ஓ’ஷாக்னெசி தந்திச் சோதனை செய்தபோது, ஹூக்ளி ஆற்று நீரையே தன் மின்சுற்றின் ஒரு பகுதியாக்கிக்கொண்டார். இன்று கல்லிடைக்குறிச்சி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தாலும் அதே ஏற்பாடுதான். தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஒன்றே ஒன்று ஓடுகிறது. எஞ்சினுக்குள் இறங்கி வேலை செய்த மின்னோட்டம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்கு வந்து, அந்த வழியே திரும்புகிறது.

வீட்டு எர்த்தையும் வண்டி எர்த்தையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. வீட்டில் கொல்லைப்புறக் குழியில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த், ஆபத்துக் காலத்துக்கானது. எல்லாம் சரியாக இருக்கும்வரை அதில் மின்னோட்டம் ஓடுவதில்லை. வண்டி எர்த் அப்படியல்ல. விளக்கு எரியும் ஒவ்வொரு நொடியும், ஹாரன் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் முழு மின்னோட்டமும் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. தரைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. வண்டி ரப்பர் டயர்மேல் நிற்கிறது. பிளஸ் வயருக்கு எவ்வளவு வேலையோ அதே வேலை எர்த்துக்கும் உண்டு. பிளஸ் வயரில் நிறம், உறை, ஃபியூஸ், கிளிப் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, திரும்பும் வழியை ஒரு துருப்பிடித்த திருகிடம் விட்டுவிடுகிறோம். வண்டிகளில் வரும் மின்கோளாறுகளில் பெரும்பகுதி இந்த அலட்சியத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரும்பு செம்பைவிட மோசமான கடத்திதானே என்று கேட்கலாம். உண்மைதான். சாதாரண எஃகின் மின்தடை செம்பைப்போல எட்டு முதல் பத்து மடங்கு. ஆனால் தடிமன் ஈடு செய்துவிடுகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்குச் சுமார் 17 மில்லிஓம் தடை. சேசிஸின் ஒரு பட்டையில் மட்டும் 600 சதுர மில்லிமீட்டர் எஃகு இருந்தால், அது 60 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்குச் சமம். அவ்வளவு தடித்த கேபிளை யாரும் வண்டியில் இழுப்பதில்லை. ஆகவே குறை இரும்புச் சட்டத்தில் இல்லை. செம்பு இரும்பைத் தொடும் அந்த ஒரு ரூபாய் அகல இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தை நெருங்கிப் பார்ப்போம். வழுவழுப்பாகத் தெரியும் இரண்டு உலோகத் தகடுகளைப் போல்ட் போட்டு இறுக்குகிறோம். முழுப் பரப்பும் ஒட்டிக்கொண்டதாக நினைக்கிறோம். மின்தொடுகைகளைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ராக்னர் ஹோல்ம் என்ற சுவீடன் நாட்டு இயற்பியலாளர் காட்டிய உண்மை வேறு. நுண்ணோக்கியில் எந்த உலோகப் பரப்பும் மேடும் பள்ளமும்தான். இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்தி வைத்தால் முள்முனைகள் மட்டும் தொட்டுக்கொள்வதைப்போல, உலோகங்களும் சில மேட்டு முனைகளில் மட்டுமே தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெரிந்துகொண்டுதான் போக வேண்டும். போல்ட்டை இறுக்கினால் முனைகள் நசுங்கித் தட்டையாகும், புதிய முனைகளும் தொடும், தடை குறையும். இடையில் பெயின்ட்டோ துருவோ புகுந்தால் புள்ளிகளின் எண்ணிக்கை சரியும். மீதமிருக்கும் புள்ளிகள் சூடாகும், சூட்டில் இன்னும் வேகமாக ஆக்ஸைடு படரும், இன்னும் சில புள்ளிகள் போகும். எர்த் கோளாறு மெதுவாகத் தொடங்கி ஒருநாள் சட்டென்று முற்றிப்போவது இதனால்தான்.

இனி பாலத்து வண்டிக்குப் போகலாம். இடப்பக்கப் பின்விளக்குப் பெட்டிக்குள் மூன்று இழைகள்: 5 வாட் பின்விளக்கு, 21 வாட் பிரேக் விளக்கு, 21 வாட் இண்டிகேட்டர். மூன்றுக்கும் தனித்தனிப் பிளஸ் வயர். எர்த் மட்டும் ஒன்று, அந்தத் திருகு. திருகு துருப்பிடித்துத் தொடர்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். பின்விளக்கு இழைக்குள் நுழைந்த மின்னோட்டம் மறுமுனையில் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அதே முடிச்சில் இண்டிகேட்டர் இழையின் எர்த் முனையும் இருக்கிறது. மின்னோட்டம் அதன் வழியாகப் பின்வாக்கில் ஏறி, இண்டிகேட்டர் வயரில் முன்பக்கம் போய், முன் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து அங்குள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடுகிறது. பிரேக் இழை வழியாக வலப்பக்கப் பிரேக் விளக்குக்குப் போய் அங்கே இறங்கும் இன்னொரு கிளையும் உண்டு. 21 வாட் இழைகள் குளிர்ந்திருக்கும்போது அவற்றின் தடை மிகக் குறைவு என்பதால் சின்னப் பின்விளக்கு ஏறக்குறைய முழு வெளிச்சத்தோடு எரிகிறது. கோளாறு இருப்பதே யாருக்கும் தெரியாது.

பிரேக்கை மிதித்ததும் நிலைமை மாறுகிறது. பிரேக் வயரிலும் 12 வோல்ட் வந்துவிட்டதால் அந்தக் கிளை அடைபட்டது. பிரேக் இழை, பின் இண்டிகேட்டர் இழை, முன் இண்டிகேட்டர் இழை ஆகிய மூன்று 21 வாட் இழைகளும் ஒரே சங்கிலியில் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 4 வோல்ட். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராகக் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் சரிகிறது. மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் என்றால் வெளிச்சம் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான். பொதுமுடிச்சு இப்போது 8 வோல்ட்டுக்கு ஏறிவிட்டதால் பின்விளக்குக்கும் 4 வோல்ட்தான் மிச்சம், அதுவும் மங்கிப்போகிறது. பின்னால் வருகிறவர் கண்ணுக்கு, நிற்கப் போகும் வண்டியின் ஒரு பக்கம் இருட்டாகிறது. இண்டிகேட்டரைப் போட்டால் அதன் தாளத்துக்கு ஏற்பப் பின்விளக்கு மங்கி மங்கி எரிவதும் இதே கணக்கில்தான் வருகிறது. வழி கிடைக்காத மின்னோட்டம் நாம் போட்ட படத்தை மதிப்பதில்லை. கிடைத்த வழியில் எல்லாம் புகுந்து வீடு திரும்பப் பார்க்கும்.

இந்தக் குணத்தை விளக்கில் காட்டினால் மங்கல், ஸ்டார்ட்டர் மோட்டாரில் காட்டினால் புகை. எஞ்சின் சேசிஸில் நேராக உட்காரவில்லை. அதிர்வைத் தாங்க ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தை விடாது. ஆகவே எஞ்சினையோ கியர் பாக்ஸையோ சேசிஸோடு இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டை தனியாக இருக்கும். செல்ஃப் எடுக்கும்போது நூறு, நூற்றைம்பது ஆம்பியர், பெரிய டீசல் எஞ்சினில் அதற்கும் மேலே, அந்தப் பட்டை வழியாகத் திரும்புகிறது. மண்ணும் எண்ணெயும் படிந்து பட்டை இற்று விழுந்தால், எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு உலோகம் எதுவோ அதன் வழியாக மின்னோட்டம் பாயும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கேபிள். மெல்லிய எஃகு இழைகளால் ஆன கேபிள் அந்தச் சுமையில் காய்ந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையை உருக்கிவிடும். அடிக்கடி ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுகிப்போகிறது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், புதுக் கேபிள் வாங்குமுன் எஞ்சின் எர்த்தைப் பார்க்க வேண்டும்.

பட்டை இருந்தும் முனை துருப்பிடித்திருந்தால்? கணக்குப் போடுவோம். நல்ல நிலையில் உள்ள 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒரு மீட்டருக்கு 0.7 மில்லிஓம், 150 ஆம்பியரில் இழப்பு வெறும் 0.1 வோல்ட். அதன் போல்ட்டடியில் 10 மில்லிஓம், அதாவது ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். போகிற 1.5 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்குங்கள்: 225 வாட். டிவி, ரேடியோ ரிப்பேர் செய்பவர் கையிலிருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான். ஒன்பது அயர்ன்களின் வெப்பம் ஒரு போல்ட் தலைக்கடியில். செல்ஃப் முனகுகிறது, பேட்டரி போய்விட்டது என்று புது பேட்டரி வாங்குகிறார்கள். புது பேட்டரி கொஞ்சநாள் கூடுதல் முறுக்கோடு தள்ளும், பிறகு அதே முனகல்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்தத் துரு சீக்கிரம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றில் மலைப்பக்கமிருந்து சாரல், வடகிழக்கில் கனமழை. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் டிராக்டர் மாதக்கணக்கில் சேற்றில் நிற்கிறது. ஈரம் மட்டுமிருந்தால் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். செம்பு முனை ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புக்கு நிலைமை வேறு. செம்பின் மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், இரும்புக்கு –0.44. ஈரம் படிந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாகிவிடுகின்றன, கரைவது இரும்பு. நாம் தொடர்பு வேண்டும் என்று முடுக்கிய அதே இடத்தில்தான் இரும்பு முதலில் அரிக்கப்படுகிறது. வெள்ளீயம் பூசிய முனை வாங்கச் சொல்வது இதற்காகத்தான். வெள்ளீயம் செம்புக்கும் இரும்புக்கும் இடைப்பட்டது, இழுபறி குறையும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டங்கள் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீட்டு வாசல்களில் நின்ற வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியில் பலரும் முதலில் செய்வது சாவியைத் திருப்பிப் பார்ப்பது. முதலில் செய்ய வேண்டியது பேட்டரி மைனஸைக் கழற்றுவது. பேட்டரி இணைந்திருக்கும்வரை, எப்போதும் 12 வோல்ட் நிற்கும் ஒவ்வொரு பிளஸ் முனையும் கலங்கல் நீருக்குள் மின்பகுப்பு நடத்திக்கொண்டிருக்கும். பிளஸ் பக்கச் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகும். சாதாரண ஈரத்தில் மாதங்கள் எடுக்கும் அரிப்பு இங்கே சில நாட்களில் முடிந்துவிடும். வண்டி காய்ந்து ஓடத் தொடங்கிய பிறகும் கதை தீராது. பல இழை வயரின் வெட்டிய முனை தண்ணீரை உறிஞ்சி உறைக்குள் நெடுந்தூரம் இழுத்துவிடும். வெளியே பளபளவென்றிருக்கும் வயரை ஒரு சாண் தூரத்தில் கிழித்துப் பார்த்தால் உள்ளே இழைகள் கறுத்தும் பச்சை படிந்தும் இருக்கும். அப்படிப்பட்ட வயரில் புது முனை போட்டுப் பயனில்லை. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும்.

கோளாறைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். ஆனால் பலர் அதை ஓம் பக்கம் திருப்பி, எர்த் வயரின் இரு முனையிலும் வைத்து, பூஜ்யம் காட்டினால் வயர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சோதனைக்கு எர்த் விஷயத்தில் மதிப்பில்லை. ஓம் அளக்கும்போது மீட்டர் செலுத்துவது ஒரு மில்லிஆம்பியர் அளவு. அதன் சொந்த வயர்களின் தடையே கால் அரை ஓம் இருக்கும். ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கை அது எப்படிக் காணும்? முழுதும் அறுந்து 0.2 மில்லிமீட்டர் இழை ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வயரைக்கூட அது நல்ல வயர் என்றே சொல்லும். இரண்டு ஹெட்லைட்டின் 9 ஆம்பியர் ஓடத் தொடங்கினால் அந்த ஒற்றை இழை உருகிவிடக்கூடியது.

அளக்க வேண்டியது வோல்டேஜை, அதுவும் சுமை ஓடும்போது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழிலேயே அழுத்துங்கள். அதன்மேல் பூட்டிய கிளாம்ப்பில் வைத்தால் குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் இடையிலுள்ள கோளாறு தப்பித்துவிடும். சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி செய்துவிட்டு, ஒருவரை சில நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து கேபிள் முனை, முனையிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து பட்டை, பட்டையிலிருந்து எஞ்சின் என்று ஒவ்வொரு தாவலாக அளந்துகொண்டே போனால், வோல்ட் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே துரு இருக்கும். மீட்டர் இல்லாதவர் ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேரே எஞ்சினில் கவ்வவிட்டுப் பார்க்கலாம். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் விடை கிடைத்துவிட்டது.

ஹெட்லைட்டுக்கும் இதே முறைதான். லைட்டைப் போட்டுவிட்டு, பல்பு ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளங்கள். 0.9 வோல்ட் காட்டினால் எர்த் வழியில் 0.1 ஓம் இருக்கிறது. பிளஸ் பக்கம் சுவிட்சிலும் மெல்லிய வயரிலும் இன்னொரு அரை வோல்ட் போயிருந்தால், பல்புக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு குறைவு. வெளிச்சமோ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். இரவில் மணிமுத்தாறு சாலையில் எதிரே மாடு நிற்பது தெரிவதும் தெரியாததும் இந்தப் பத்தில் மூன்றில் இருக்கிறது. நூறு வாட் பல்பு வாங்கி மாட்டுவது இதற்கு வைத்தியமாகாது. மின்னோட்டம் கூடினால் அதே தடையில் இழப்பும் கூடும், ஹோல்டர் கருகும்.

வைத்தியம் எளிது, பொறுமையாகச் செய்ய வேண்டும். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில் அதைப் பூட்டுங்கள். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸைக் கழற்றினால் ஸ்பானர் தவறி உடம்பில் பட்டதும் பேட்டரி முழுவதும் அதன் வழியே பாயும்; மைனஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. பேட்டரி குமிழில் படிந்திருக்கும் வெள்ளை, நீலப் பொடியை ஆப்பசோடாக் கரைசல் ஊற்றிக் கழுவலாம். அமிலம் நுரைத்து அடங்கும். பேட்டரிக்குள் ஒரு சொட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் வாஷர் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். வெள்ளீயம் பூசிய முனையை வயரில் கருவி கொண்டு நசுக்கிப் பொருத்துங்கள். கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எஞ்சின் பக்கத்துச் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்பும் அதிரும் இடத்துக்கு ஏற்றதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி நின்ற எல்லையில் வயர் விறைத்து, அங்கேயே ஒடியும். பல் வாஷர் ஒன்று போட்டு இறுக்கினால் அதன் பற்கள் உலோகத்தைக் கீறிக்கொண்டு புதிய தொடுமுனைகளை உண்டாக்கும். வாசலின் தடவுவது கடைசியில், இறுக்கிய பிறகு, மேற்பூச்சாக. அது மின்சாரத்தைக் கடத்துவதற்காக அல்ல, ஈரத்தை வெளியே நிறுத்துவதற்காக.

ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பது நல்ல காரியம். சுவிட்ச் வழியாக 9 ஆம்பியர் போவதற்குப் பதில் கால் ஆம்பியருக்குள் போய் ரிலேயை இயக்கும், பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நேரே விளக்குக்கு. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள வயர் எங்காவது உரசி உடம்பில் பட்டால் அதை அணைக்க யாருமில்லை. வயர் வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், ஈரத்தில் அரிப்பும் வேகம். விலை குறைவு என்று அதை வண்டியில் இழுப்பது பெரிய தவறு.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 விதி வந்தபின் சின்ன மொபட்டிலும் எரிபொருள் ஊசியும் கணினிப் பெட்டியும் வந்துவிட்டன. இவற்றில் எர்த் கெட்டால் விளக்கு மங்குவதோடு நிற்பதில்லை. பல சென்சார்கள் 0-விலிருந்து 5 வோல்ட்டுக்குள் பேசுகின்றன. ஆக்ஸிஜன் சென்சார் 1 வோல்ட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. எர்த்தில் 0.2 வோல்ட் நழுவினால் கணினிக்குக் கிடைக்கும் செய்தியே பிழையாகலாம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் சென்சார்களுக்கான எர்த்தைத் தனி வயரில் கணினிப் பெட்டிக்கே கொண்டுவருகிறார்கள். பாட்டுப் பெட்டியின் மைனஸையோ ஏர் ஹாரனின் மைனஸையோ அந்த வயரில் சேர்த்துவிடக் கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் பேட்டரி மைனஸ் முனையில் சின்னப் பெட்டி ஒன்று உட்கார்ந்து போகிற வருகிற மின்னோட்டத்தைக் கணக்கெடுக்கும். அவற்றில் கூடுதல் சாதனங்களின் மைனஸ் நேரே குமிழில் பூட்டப்பட்டால் கணக்கு தப்பும். உடம்பிலுள்ள எர்த் போல்ட்டில் பூட்ட வேண்டும். பட்டறையில் பாடி வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வவிட வேண்டும். வண்டியின் மறுகோடியில் கவ்வவிட்டால் அந்த நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேரிங் வழியாகவும் எர்த் பட்டை வழியாகவும் வழி தேடிப் போகும்.

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலையோடு எழுத நினைத்தது டிராக்டர் ட்ரெய்லரைப் பற்றி. பிசான அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் ஏற்றிய ட்ரெய்லர்கள் இருட்டில் சாலைக்கு வருகின்றன. பின்னால் ஒரு விளக்கும் இல்லாமலோ, குலுங்கும்போது மட்டும் எரிந்து அணைந்தோ போகின்றன. பின்விளக்கு மாட்டியிருப்பார்கள், பிளஸ் வயரும் இழுத்திருப்பார்கள். எர்த்தை மட்டும் கொக்கிப் பின்னிடம் ஒப்படைத்திருப்பார்கள். கிரீஸும் சேறும் பூசிய ஒரு இரும்புப் பின், வளையத்துக்குள் தளர்வாக ஆடிக்கொண்டிருப்பது. ஹோல்ம் சொன்ன தொடுமுனைகள் அதில் எத்தனை நிலைத்து நிற்கும்? வண்டி குலுங்கக் குலுங்க விளக்கு விட்டுவிட்டு எரியும், மேட்டில் இழுக்கும்போது எரிந்து, இறக்கத்தில் அணையும்.

ஏழு முனை ட்ரெய்லர் சாக்கெட்டில் ஒரு முனை எர்த்துக்கென்றே இருக்கிறது. அதிலிருந்து பின்விளக்குப் பெட்டி வரை தனி வயர் இழுத்து, கொக்கியை மறந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் பின்விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்து எரிந்தால் 94 வாட், சுமார் 8 ஆம்பியர். 6 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 0.8 வோல்ட் திரும்பும் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.33 வோல்ட். வயரை இரும்புச் சட்டத்தின் உட்புறமாக, குழாய்க்குள் செலுத்தி, கொக்கி திரும்பும் இடத்தில் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்ட வேண்டும். டிராக்டர் பக்கம் அந்த வயரை எங்காவது ஒரு திருகில் மாட்டாமல், பேட்டரி எர்த் பூட்டியிருக்கும் போல்ட்டிலேயே சேர்க்க வேண்டும். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை மேலே ஏறிப் பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா விளக்கையும் போடச் சொல்லுங்கள். ட்ரெய்லரின் கடைசி விளக்கு ஹோல்டரின் எர்த்துக்கும் டிராக்டர் பேட்டரியின் மைனஸ் குமிழுக்கும் நடுவே நீளமான வயர் வைத்து மீட்டரில் பாருங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வண்டியைச் சாலைக்கு விடலாம்.